படங்கு கட்டிய மெக்கானிக்

அழுக்கு வேலைக்குப் பழைய துணி போதும் என்று சொல்கிறவர்கள் அழுக்கு வேலை செய்தவர்களே அல்ல. பழைய துணி என்றால் நைந்த துணி. நைந்த துணி ஜீப்புக்கு அடியில் ஏதாவது ஒரு போல்ட்டில் மாட்டும். மாட்டினால் கிழியும். கிழிந்த பிறகு நாம் எந்தக் கோலத்தில் வெளியே வருவோம் என்பது அந்த வண்டிக்கே வெளிச்சம். ஆண்பிள்ளைகள் சிரித்துவிட்டு மாற்றுச் சட்டை போட்டுக்கொள்வார்கள். நான் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டு வளைவில் இருக்கும் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் பக்கத்து மலையில் ஏறி இறங்குகிற ஜீப்புகளில் பாதியாவது என் கையால் ஒரு தடவை பிரித்து மாட்டப்பட்டவை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது எங்களுக்குக் காக்கிச் சட்டை, காக்கிப் பேன்ட். ஆனால் அங்கே எஞ்சின் ஒரு ஸ்டாண்டின் மேல் பெயின்ட் அடித்துக் கல்யாணப் பெண்ணைப் போல நின்றது. அதைச் சுற்றி நின்று குறிப்பெடுத்தோம். நிஜ வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தால் கியர் ஆயிலும் சேறும் அட்டைப்பூச்சியும் சேர்ந்து முகத்தில் விழும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. என்ன உடுத்துவது என்பதை நானேதான் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் சுடிதார். துப்பட்டாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகும் அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. டாப்பின் முனையை மறந்துவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்மேல் குனிந்தபோது அந்த முனை ஃபேன் பெல்ட் பக்கமாகப் பறந்தது. ஒர்க்‌ஷாப் முதலாளிதான் என் முதுகுத் துணியைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவர் மலையாளி. கையில் தொழில் உள்ள பெரியவர்களை இங்கே ஆசான் என்று கூப்பிடுவது வழக்கம், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். கோபம் வந்தால் தமிழையும் மலையாளத்தையும் பிசைந்து பேசுவார்.

“மோளே, நாளைக்கும் இது போட்டு வந்தால் நான் நின்னை வீட்டிலேக்கு விடும்.”

அப்புறம் ஜீன்ஸும் டி‌ஷர்ட்டும். ஜீன்ஸ் எங்கள் மழைக்குக் காயாது. இரண்டு நாள் கிரீஸ் குடித்த பிறகு, கழற்றி வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும் போலிருக்கும். டி‌ஷர்ட்டுக்கோ கையை மேலே தூக்கினால் வயிற்றைக் காட்டுகிற குணம். அது அரைக்கை என்பதால் சைலன்சர் பட்டு வெந்த தழும்பு என் வலது முழங்கைக்குக் கீழே இன்னும் இருக்கிறது. பாலியஸ்டர் சட்டை ஒன்று வாங்கினேன். வெல்டிங் பொறி பட்டு அது ஒரே நாளில் சல்லடையாகிவிட்டது.

உடுத்துவது ஒரு பாடு, துவைப்பது பெரும்பாடு. நாங்கள் இருப்பது எஸ்டேட் லயத்தில். வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். என் துணியை அங்கே அலசினால் வாய்க்காலில் எண்ணெய் மிதக்கும், அடுத்து பாத்திரம் கழுவ வருகிறவர்கள் என்னைக் கரித்துக் கொட்டுவார்கள். அவர்கள் பேரில் தப்பே இல்லை. டீசலில் நனைத்து அழுக்கு எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து வாரம் முழுக்கச் சொறிந்துகொண்டு திரிந்தேன்.

இப்படி இருக்கும்போது, ஒரு காலை அம்மா வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்தேன். அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். அவள் கிளம்புவதை விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். சேலையைத் தூக்கிச் செருகி, அதற்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, ஆனால் அவருடைய சட்டைகள் அம்மாவின் மேல் ஏறி மலைக்குப் போய் வந்துகொண்டிருந்தன. தலைக்குத் துண்டு. இடுப்பில் படங்கு. படங்கு என்பது கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு. தேயிலைக் குச்சி குத்தாமலும் இலையில் நிற்கிற மழைத் தண்ணீர் இறங்காமலும் இருக்க, மார்புக்குக் கீழிருந்து கால் வரை சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டத்தில் பெண் என்றால் படங்கு.

அன்றைக்கு அதை ஒரு மெக்கானிக்கின் கண்ணால் பார்த்தேன். தண்ணீர் இறங்காத துணியில் எண்ணெய் மட்டும் எப்படி இறங்கும்? முழுக்கைச் சட்டை மணிக்கட்டு வரை கையைக் காக்கும். துண்டு முடியைக் காக்கும். எதற்காகக் கடைகடையாக அலைந்தேனோ அது எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு படங்கை எடுத்து, முட்டிக்குக் கீழே நான்கு விரல் விட்டு வெட்டினேன். உள்ளே பருத்திப் பேன்ட், மேலே அப்பாவின் சட்டை. கயிற்றை அம்மாவைப் போல முடிச்சுப் போடவில்லை. எங்காவது சிக்கினால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், அதனால் சுருக்கு மட்டும். வெல்டிங் என்றால் அவிழ்த்து வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மற்றபடி அதற்கு ஈடு கிடையாது. கியர் பாக்ஸ் ஆயில் மேலே கொட்டினால் உருண்டு கீழே போய்விடும். சாயங்காலம் கழிவுப் பஞ்சால் ஒரு துடைப்பு, முடிந்தது வேலை. குழாயடியில் எனக்கு இருந்த கெட்ட பெயர் போயிற்று. இதைக் கண்டுபிடித்த நான் சாதாரண ஆளே இல்லை என்று எனக்குள் ஒரு மிதப்பு வந்துவிட்டது.

அம்மா அதைப் பார்த்த அன்றே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“எதுக்குடி ஒனக்கு அது? நான் கட்டுறது பத்தாதா?”

“வேலைக்குத்தானம்மா. எண்ணெ படாம இருக்கும்.”

“எண்ணெ பட்டா பட்டுட்டுப் போகுது. தொவைச்சுக்கலாம். படங்கு படிஞ்சா தொவைக்க முடியாது.”

அவள் சொன்னதன் அர்த்தம் வெளியாட்களுக்குப் புரியாது. லயத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பற்றி ‘படங்கு கட்டிட்டா’ என்று சொன்னால், அவள் படிப்பு முடிந்துபோயிற்று, இனி அவளுக்கு மலைதான் என்று அர்த்தம். என்னை அந்த வார்த்தைக்குத் தப்ப வைப்பதற்காகத்தான் அம்மா மழையிலும் பனியிலும் நின்றாள். உடம்புக்கு முடியாத நாளிலும் லீவு போட்டதில்லை. எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் பிடித்த பிடியை விடவில்லை. ஒர்க்‌ஷாப்பில் மட்டும் கட்டிக்கொள்கிறேன், பையில் வைத்து எடுத்துப் போகிறேன் என்று சொல்லி ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்தேன்.

கொட்டுகிற மழையில் ஒரு நாள் அந்த ஒப்பந்தம் தண்ணீரோடு போயிற்று. ஒர்க்‌ஷாப் வரை நடக்க வேண்டும், பேன்ட் நனைந்தால் நாளெல்லாம் ஈரத்தோடு கிடக்க வேண்டும். வீட்டிலேயே படங்கைக் கட்டிக்கொண்டேன். அம்மாவுக்கும் அன்று ரோட்டோரத் தேயிலைக் காட்டில்தான் வேலை. இரண்டு பேரும் சேர்ந்து இறங்கி வந்து ரோட்டைத் தாண்ட நின்றோம். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று எங்கள் முன்னால் வந்து நின்றது. ஓட்டுகிறவர் இந்தப் பக்கத்துக்குப் புதிசு. தலையை நீட்டி, ஒரே பார்வையில் எங்கள் இருவரையும் அளந்தார்.

“ஏறுங்கக்கா, இன்னிக்கு ஆள் பத்தல. இந்தப் புள்ளயும் ஏறட்டும். படங்கோடதான நிக்கிது, நேரா காட்டுல எறங்கிறலாம்.”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த வண்டி நின்ற விதத்திலேயே அதன் பிரேக் என் கைக்கு வரப்போகிறது என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மாவின் முகம் செத்திருந்தது. ஜீப்பைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

சாயங்காலம் அடுப்பு பக்கம் திரும்பி உட்கார்ந்தபடியே பேசினாள்.

“ஒன்னயும் என்னயும் ஒண்ணா வச்சுப் பாத்துட்டான். இத்தன வருசம் நான் மலையேறுனதெல்லாம் ஒரு நிமிசத்துல ஒண்ணுமில்லாமப் போச்சு.”

“அவன் புது ஆளும்மா. தெரியாம சொல்லிட்டான்.”

“தெரியாதவனுக்கு எப்படித் தெரியுதோ அதான் நெசம். வேலைய விடச் சொல்லல. அதக் கட்டிக்கிட்டு இந்த வாசலத் தாண்டாத.”

எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அவள் குரல் உடைந்திருந்தது. அம்மா அழுதால் நான் தோற்றுவிடுவேன், அது எப்போதும் அப்படித்தான். படங்கை மடித்துப் பரணில் போட்டேன்.

அடுத்த சம்பளத்தில் நீல நிறத்தில் கவரால் வாங்கினேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி, முன்னால் ஜிப், எங்கு பார்த்தாலும் பை. ஆணுக்கு வெட்டியது. தோளில் தொங்கியது, இடுப்பில் பிடித்தது, காலை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கண்ணாடியில் பார்த்தபோது நான் ஒரு ஆளாகத் தெரிந்தேன். அம்மா அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். என்னை வாசலில் நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஃபோட்டோ எடுத்துத் தேனிப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பச் சொன்னாள். என் துணியைத் தொடவே மாட்டேன் என்றிருந்தவள், அதைத் தானே தனி வாளியில் ஊறவைத்துத் தேய்த்துத் துவைத்தாள். “இப்போ ஒரு பெரிய கம்பெனி மெக்கானிக் ஆயி, அல்லே” என்று ஆசானுக்கும் ஏக சந்தோஷம்.

அந்த உடுப்பில் எல்லாருக்கும் திருப்தி, என்னைத் தவிர. காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்குப் பின்பக்கச் சுவர் போதும். படங்கு கட்டியிருந்த நாட்களில் எனக்கும் ஒரு வழி இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குக் கீழே சரிவு முழுக்கத் தேயிலை. படங்கோடு அதற்குள் இறங்கினால் ரோட்டில் போகிற ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தேயிலைக்குள் படங்கு கட்டிய பெண் நிற்பதில் பார்க்க என்ன இருக்கிறது? நீலக் கவராலோடு இறங்கினால் பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தாலும் போகட்டும் என்றால், அந்த உடுப்பைத் தோளிலிருந்து கீழே வரை முழுசாகக் கழற்றினால்தான் உட்காரவே முடியும். திறந்த வெளியில் அது நடக்கிற காரியமா?

நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் டீ, அப்புறம் சாயங்காலம் திரும்பிவந்துதான் எல்லாம். டீக்கடையிலிருந்து எல்லாருக்கும் டீ வரும்போது எனக்கு வேண்டாம் என்பேன். டீ குடித்தால் வயிறு எரியும் என்று ஒரு கதை சொல்லி வைத்திருந்தேன். முதலில் நீர்க்கடுப்பு. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். பிறகு இடுப்புக்கு மேலே வலி, குளிர்காய்ச்சல். ஒரு நாள் ஜாக்கியை ஏற்றும்போதே உடம்பு உதறி உட்கார்ந்துவிட்டேன். ஆசான் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மா மலையிலிருந்து அப்படியே, படங்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்தாள்.

டாக்டர் ஒரு பெண். கிட்னி வரை போய்விட்டது என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார். சொன்னேன். ஏன் என்று கேட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டே, வேறு வழியில்லாமல் அதையும் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டி எழுதினார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாள்.

“முன்னாடியெல்லாம் எங்கடி போவ?”

“கீழ காட்டுக்குத்தான். படங்கு இருந்துச்சுல்ல.”

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மலையில் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று முதல் முறையாகச் சொன்னாள். ஒருத்தி செடிக்கு நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பேர் படங்கை அவிழ்த்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். துணைக்கு ஆள் இல்லாத நாளில் இவளும் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். நான் வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தானாம். கடுப்பு அவளுக்கும் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் மோரைக் குடித்துவிட்டு மறுநாள் மலையேறியிருக்கிறாள். சொல்லி முடித்து என் காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

உடம்பு தேறி நான் வேலைக்குப் போன முதல் நாள், அம்மா எனக்கு முன்னாலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். மலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். பேன்ட்டும் சட்டையுமாக ஒர்க்‌ஷாப்புக்குப் போய், ஸ்பானர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அவள் ரோட்டிலிருந்து இறங்கி வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் கடையில் வாங்கிய புதுப் படங்கு, மடிப்புக்கூடக் கலையவில்லை.

யாரிடமும் ஒன்றும் கேட்காமல் என்னை நிற்க வைத்து இடுப்பில் சுற்றினாள். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் முடிச்சு போடாமல் சுருக்குப் போடச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். சரி என்று சுருக்கே போட்டாள்.

ஆசான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

“எந்தா சேச்சி இது? தோட்டத்துல கெட்டுறதல்லே? கஸ்டமர் வந்தால் என்ன நினைக்கும்? ஒரு யூனிஃபார்ம் வேண்டே?”

“யூனிஃபார்ம்தான் மொதலாளி இது. ஒங்க கம்பெனி தந்ததில்ல, எங்க கம்பெனி தந்ததுமில்ல. பொம்பளைங்க நாங்களாப் பாத்துக் கட்டிக்கிட்டது.”

ஆசான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தொடர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. குழாயடியில் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

“எம் மக இதக் கட்டுறதுல எனக்கு இனிமே வெக்கமில்ல. ஆனா இவ காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சு ஒக்காரக் கூடாது. அது என்னோட முடியட்டும். ஒரு கக்கூஸ் கட்டுங்க. கதவோட, தாப்பாளோட.”

என் காது சூடாகிவிட்டது. இருந்தாலும் தலை தானாக நிமிர்ந்தது. ஆசான் நல்ல மனிதர், அவருக்கு அதுவரை தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கே கேட்கத் தோன்றவில்லையே. “கெட்டாம் சேச்சி” என்று ஒப்புக்கொண்டார். அந்த வாரமே கொத்தனார் வந்தார்.

அன்று, சொல்லி முடித்ததும் அம்மா போய்விடுவாள் என்று நினைத்து நான் ஒரு ஜீப்புக்கு அடியில் நுழைந்தேன். அடியிலிருந்து பார்த்தால் மனிதர்களுக்குக் கால் மட்டும்தான். அவளுடைய கால் அங்கேயே நின்றது. நான் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. கிளட்ச் பக்கத்தில் துருப்பிடித்த ஒரு போல்ட் என்னை வாட்டி எடுத்துக்கொண்டிருந்தது, ஆயில் சொட்டுச் சொட்டாகப் படங்கில் விழுந்து உருண்டது. அம்மாவின் கால் நகரவில்லை.

ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. செருப்புக் கால் இரண்டு இறங்கி அம்மாவின் காலுக்கு எதிரில் வந்தன.

“அக்கா, ஆசான் இல்லையா? ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சு போச்சு. அடியில யாரு கெடக்குறது?”

“மெக்கானிக்கு.”

“பொம்பளையாட்டம் இருக்கு. படங்கு தெரியுது.”

“படங்கு கட்டுன மெக்கானிக்கு. வண்டிய ஓரமா விட்டுட்டு ஒக்காருங்க, கைவேலைய முடிச்சுட்டு வருவா.” செருப்புக் கால்கள் வண்டிப் பக்கம் திரும்பின. அப்புறம், அந்த ஆள் எதுவும் கேட்காமலே, அம்மா சொன்னாள்: “எம் மகதான்.”